ஒரே வரிச்சில் நாற்பது மட்டை

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து மாமி வீட்டுக்கும் நடுவில் 2019 வரை பனைமட்டை வேலி நின்றது. இப்போது அந்த இடத்தில் சீமெந்துக் கல் மதில். கனடாவில் இருக்கிற தம்பி காசு அனுப்பிக் கட்டியது. நல்ல மதில்தான். பாம்பு பூச்சி வராது, வேலி அடைக்க ஆள் தேடி அலையவும் தேவையில்லை. ஆனால் நான் யாழ்ப்பாணத்து உரும்பிராயில் பிறந்து வளர்ந்தவள். காலை வெயில் அந்த மட்டைகளுக்கு இடையால் முற்றத்தில் கோடு கோடாக விழுவதைப் பார்த்துத்தான் எனக்கு வெளிச்சம், நிழல் என்ற இரண்டும் விளங்கின. பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருடமாகச் சித்திரம் படிப்பிக்கிறேன். அந்த வேலியைப் பென்சிலிலும் நீர்வர்ணத்திலும் பல தடவை வரைந்திருக்கிறேன். அதே வேலியைக் கணினியில் கோட் எழுதி வரைய எனக்கு ஏழு மாதம் பிடித்தது.

தொடக்கி வைத்தவள் என் பெறாமகள். 2021 மார்கழி விடுமுறைக்கு வந்து நின்றபோது, "பெரியம்மா, கோட் எழுதியும் படம் கீறலாம் தெரியுமோ?" என்று கேட்டாள். கீறிக் காட்டினாள். ஒரு வரி எழுதினாள், திரையில் ஒரு வட்டம் வந்தது. அதைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிற ஒரு சுற்றுக்குள் போட்டாள், நூறு வட்டம் வந்தது. நூறு வட்டம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் அவள் ஒரு எண்ணை மட்டும் மாற்றினாள், நூறும் ஒன்றாக அசைந்தன. அந்த இடத்தில் நான் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டேன்.

அவள் காட்டியதன் பெயர் பி5.ஜேஎஸ். அதன் வேர் ப்ராசஸிங் என்ற மென்பொருள். 2001இல் அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் மீடியா லாபில் கேஸி ரியாஸ், பென் ஃப்ரை என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கியது. ஜான் மைடா என்ற வடிவமைப்பாளரின் குழுவில் இருந்தவர்கள் அவர்கள். ஓவியரும் வடிவமைப்பாளரும் கோட் எழுதப் பழக வேண்டும் என்பதற்காகவே அதை உண்டாக்கினார்கள். 2013இல் லாரன் மெக்கார்த்தி என்ற கலைஞர் அதே எண்ணத்தை இணைய உலாவிக்குக் கொண்டுவரத் தொடங்கினார், அதுதான் பி5. காசு இல்லை. எதையும் நிறுவ வேண்டியதும் இல்லை. உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்து இடப்பக்கம் எழுதினால் வலப்பக்கம் படம் வரும். கைத்தொலைபேசியிலும் வரும், எங்கள் பிள்ளைகளுக்கு அதுதான் முக்கியம்.

சித்திரம் படித்தவர்களுக்கு முதல் வாரம் இரண்டு இடத்தில் கை தடுமாறும். ஒன்று, தாளின் மூலை. கணக்குப் பாடத்தில் வரைபின் தொடக்கம் கீழே இடப்பக்கம் இருக்கும். இங்கே அது மேலே இடப்பக்கம், எண் கூடக் கூடப் புள்ளி கீழே இறங்கும். நிலத்திலிருந்து மேலே வளர்கிற எதையும் தலைகீழாக எண்ணிப் பழக வேண்டும். மற்றது, திருப்புவது. ஒரு மட்டையை ஐந்து பாகை சாய்க்க நினைத்து 5 என்று எழுதினேன். மட்டை எங்கோ போய்ப் படுத்துக் கிடந்தது. கணினி பாகையில் எண்ணுவதில்லை, கோணத்தின் இன்னொரு அலகான ரேடியனில் எண்ணுகிறது. 5 ரேடியன் என்றால் ஏறக்குறைய 286 பாகை. அதோடு, அது திருப்புவது மட்டையின் அடியைப் பிடித்து அல்ல, தாளின் மூலையைப் பிடித்து. அதனால் முதலில் தாளின் மூலையையே மட்டையின் அடிக்கு நகர்த்தி, திருப்பி, வரைந்து, பிறகு பழைய இடத்துக்குக் கொண்டுவந்து விட வேண்டும். இது விளங்க எனக்கு நாலு நாள் எடுத்தது. விளங்கியதும் ஒரு பனையோலையை வரைந்தேன். ஒரே கோட்டை ஒரே அடியில் வைத்து ஐந்து ஐந்து பாகையாகத் திருப்பிக்கொண்டு போனால் விசிறி விரிந்துவிடுகிறது. அன்றிரவு நித்திரை வரவில்லை, அவ்வளவு சந்தோசம்.

தமிழரும் கோடிங்கும் என்று பேச்செடுத்தால் எல்லோரும் கோலம் செய்யச் சொல்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. 1970களிலேயே சென்னை கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிரிதிவாசனும் கோலத்துக்கு இலக்கணம் எழுதிக் கணினி ஆய்வுக்குள் கொண்டுவந்தார்கள். அதை வாசித்தபோது பெருமையாக இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் கோலம் என்பது தைப்பொங்கலுக்கு முற்றத்தில் போடுவது, வேறு சில நல்ல நாட்களுக்குப் போடுவது, அவ்வளவுதான். வேலி வருடம் முழுவதும் நின்றது. என் கண்ணில் இருப்பது வேலி. பழகுகிறவர் தன் கண்ணில் இருப்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன், மற்றவர் எதிர்பார்ப்பதிலிருந்து தொடங்கினால் பத்தாவது நாள் கை சோர்ந்துவிடும்.

சரி, வேலிக்கு வருகிறேன். 400 புள்ளி அகலத் தாள். பத்துப் புள்ளிக்கு ஒரு மட்டை, ஆக நாற்பது மட்டை. சுற்று ஒன்று போட்டேன், நாற்பதும் நேராக நின்றன. இரும்புக் கிராதி போல இருந்தது. ஒவ்வொரு மட்டையையும் கொஞ்சம் சாய்க்க 'ரேண்டம்' என்ற கட்டளையைப் போட்டேன். கேட்ட எல்லைக்குள் ஏதோ ஒரு எண்ணைத் தரும். ஓட விட்டதும் முழு வேலியும் குளிர்காய்ச்சல் வந்த மாதிரி நடுங்கியது. பி5இல் 'ட்ரோ' என்ற பகுதி ஒரு செக்கனுக்கு 60 தடவை ஓடும். ஒவ்வொரு தடவையும் நாற்பது மட்டைக்கும் புதிதாக எண் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு தடவை மட்டும் வரை என்று நிறுத்த ஒரு வரி இருக்கிறது, அதைப் போட்டதும் நடுக்கம் நின்றது.

நின்ற பிறகு பார்த்தால், அது வேலி இல்லை. ஒரு மட்டை இடப்பக்கம் ஆறு பாகை, அடுத்தது வலப்பக்கம் ஐந்து, அடுத்தது நேர். உடைந்த சீப்பு போல இருந்தது. எல்லையைக் குறைத்தால் மறுபடி கிராதி. கூட்டினால் சீப்பு. இரண்டுக்கும் நடுவில் எங்கள் வேலி எங்கேயோ இருக்கிறது என்று இரண்டு மாதம் அந்த ஒரு எண்ணையே மாற்றிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் மின்வெட்டுக் காலம் வந்தது. 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. என் மடிக்கணினியின் பற்றரி இருபது நிமிடம் தாங்கும். அந்த நாட்களில் கொப்பியில்தான் கோட் எழுதினேன். அதற்கு எனக்கு ஒரு துணை இருந்தது, வேரா மொல்னார் என்ற ஓவியர். 1924இல் புடாபெஸ்டில் பிறந்து பாரிசில் வாழ்ந்தவர். 1959 முதல், கணினி என்று ஒன்று கையில் இல்லாமலே, விதிகளை எழுதி வைத்துக்கொண்டு அவற்றைப் படிப்படியாகத் தன் கையாலேயே செய்து பார்த்தார். அந்த முறைக்கு அவர் வைத்த பெயர் 'கற்பனை இயந்திரம்'. 1968இல்தான் அவருக்கு உண்மையான கணினி கிடைத்தது, அதற்கும் தொடக்கத்தில் திரை இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டு என்ன வருகிறது என்று காத்திருக்க வேண்டும். சதுரங்களை வரிசையாக அடுக்கி, அவற்றின் ஒழுங்கைக் கொஞ்சமே கொஞ்சம் குலைத்துப் பார்ப்பதில் பல ஆண்டுகளைச் செலவழித்தவர். நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் குலைப்பது அவருக்குப் பிடித்த அளவு. 2023 மார்கழியில், 99 வயதில் காலமானார். அவர் இறந்த செய்தியைப் படித்தபோது என் வீட்டு ஆள் ஒருவர் போன மாதிரித்தான் இருந்தது.

மெழுகுதிரி வெளிச்சத்தில் நானும் அப்படியே செய்தேன். கொப்பியில் நாற்பது கோட்டுக்கு இடம் குறித்துக்கொண்டேன். சாய்வுக்கு எண் வேண்டும். ரேண்டம் இல்லை, மின்சாரம் இல்லை. அம்மாவின் தாயப் பெட்டியில் ஆறு சோகி (சோழி) இருந்தது. அம்மாவை எறியச் சொன்னேன். மூன்று நிமிர்ந்து விழுந்தால் மட்டை நேராக நிற்கும். இரண்டு விழுந்தால் இடப்பக்கம் இரண்டு பாகை, நாலு விழுந்தால் வலப்பக்கம் இரண்டு பாகை, இப்படியே இரு பக்கமும் ஆறு பாகை வரை. அம்மா எறிந்தா, நான் கீறினேன். இருபதாவது எறிதல் அளவில் அம்மா சொன்னா: "மூண்டுதான் பிள்ளை கனக்க விழுது."

நாற்பது எறிதலில் மூன்று 13 தடவை விழுந்தது. ஆறும் நிமிர்ந்து ஒரு தடவையும் விழவில்லை. கீறி முடித்த வேலியைப் பார்த்தேன். கணினி தந்ததை விட நன்றாக இருந்தது. ஏன் என்று விளங்கவில்லை, ஆனால் நன்றாக இருந்தது.

காரணத்தை இரண்டு நாள் கொப்பியிலேயே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தேன். ரேண்டம் எல்லா எண்ணுக்கும் ஒரே அளவு வாய்ப்புக் கொடுக்கிறது. நேராக நிற்பதும் ஆறு பாகை சாய்வதும் அதற்கு ஒன்றுதான். சோகி அப்படி இல்லை. ஒவ்வொரு சோகியும் நிமிரவும் கவிழவும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், ஆறு சோகி விழக்கூடிய விதம் மொத்தம் 64. அதில் மூன்று நிமிர்வது 20 விதம். ஆறும் நிமிர்வது ஒரே ஒரு விதம். நடுவில் குவிகிறது, ஓரத்தில் அருமையாகிறது. வேலி அடைக்கிற ஆளும் மட்டையை நேராக வைக்கத்தான் பார்க்கிறார். கொஞ்சம் பிசகுவது சாதாரணம், நிறையப் பிசகுவது எப்போதாவதுதான். பி5இல் இதற்கென்றே 'ரேண்டம் காஸியன்' என்று தனிக் கட்டளை இருக்கிறது. மின்சாரம் வந்ததும் அதைப் போட்டேன். அம்மாவின் சோகி வேலி திரையில் வந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் ஆனி மாதம் எங்கள் பின்வளவு வேலியை அடைக்க அப்பு வந்தார். பின்பக்கம் இன்னும் வேலிதான். ஐம்பது வருடமாக இந்த ஒழுங்கையில் வேலி அடைக்கிறவர். வேலி அடைக்க இரண்டு பேர் வேண்டும், உள்ளே ஒருவர், வெளியே ஒருவர். உள்ளே நிற்பவர் குத்தூசியால் கயிற்றைக் குத்தி அனுப்ப, வெளியே நிற்பவர் அதை வாங்கி, மட்டைகளுக்குக் குறுக்கே போகிற வரிச்சைச் சுற்றித் திருப்பி அனுப்புவார். அன்று வெளியே நிற்க வேண்டியவர் வரவில்லை, நான் போய் நின்றேன். கருக்கு கையில் கீறியது, மட்டையின் இரு விளிம்பிலும் இருக்கிற கறுப்புப் பல். பதினொரு மணிக்குத் தேத்தண்ணி குடிக்க இருந்தபோது கைத்தொலைபேசியில் என் வேலியை அவருக்குக் காட்டினேன்.

கண்ணுக்குக் கிட்டப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "மட்டை சரி. வரிச்சு எங்கை?" என்றார்.

"இந்தா அப்பு, மூண்டு வரிச்சும் கீறியிருக்கிறன்."

"கீறியிருக்கிறாய் பிள்ளை. கட்டேல்லை."

எனக்கு விளங்கவில்லை. அவர் எழும்பிப் போய், நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வேலியில் ஒரு மட்டையைப் பிடித்துத் தள்ளிக் காட்டினார். அந்த மட்டையோடு பக்கத்து மட்டையும் போனது. அதற்குப் பக்கத்தது கொஞ்சம் போனது. ஐந்தாறு மட்டை தள்ளிப் பார்த்தால் அசைவே இல்லை. "ஒண்டு சாய்ஞ்சால் பக்கத்ததும் சேர்ந்துதான் சாயும். எல்லாம் ஒரே வரிச்சிலை கட்டினது. உன்ரை வேலியிலை ஒவ்வொரு மட்டையும் தன்ரை பாட்டுக்கு நிக்குது."

பதினெட்டு வருடம் நான் அந்த வேலியை வரைந்தது மட்டையும் நிழலுமாகத்தான். வரிச்சு எனக்குக் குறுக்கே போகிற ஒரு கோடு, அதை எப்போதும் கடைசியில்தான் இழுப்பேன். அப்புவுக்கு வேலி தொடங்குவதே நிலத்தில் நடுகிற கதியாலும் வரிச்சும்தான். கோட் எழுதி வரைகிறவருக்கும் அந்த வரிசைதான் பொருந்துகிறது. முடிந்த படம் எப்படித் தெரிகிறது என்பதைக் கணினிக்குச் சொல்ல வழியில்லை. எதை எதோடு கட்டியிருக்கிறது என்பதைச் சொல்லலாம்.

அன்றிரவு கட்டத் தொடங்கினேன். முதலில், ஒவ்வொரு மட்டையும் முந்தின மட்டையின் சாய்வை எடுத்து அதோடு சின்ன எண் ஒன்றைக் கூட்ட வேண்டும் என்று எழுதினேன். பக்கத்து மட்டைகள் சேர்ந்து சாய்ந்தன. ஆனால் சாய்வு சேர்ந்து சேர்ந்து முப்பதாவது மட்டைக்கு வரும்போது வேலி பாதி விழுந்துவிட்டது. திரும்பி நிமிர அதற்குக் காரணம் எதுவும் நான் கொடுக்கவில்லை. பெறாமகளுக்குச் செய்தி அனுப்பினேன். "நொய்ஸ் போட்டுப் பாருங்கோ பெரியம்மா" என்று ஒரு வரியில் பதில் வந்தது, கூடவே டேனியல் ஷிஃப்மன் என்ற நியூயோர்க் ஆசிரியரின் காணொளி ஒன்று. எங்கள் வகுப்பில் ஒரு ஆள் நின்று உற்சாகமாகப் படிப்பிக்கிற மாதிரியே படிப்பிப்பார். ஆங்கிலம் தடக்கினாலும் பலகையில் எழுதுவதைப் பார்த்தே பாதி விளங்கும்.

நொய்ஸ் என்ற பெயரைக் கேட்டுச் சத்தம் என்று நினைக்க வேண்டாம். கென் பெர்லின் என்பவர் கண்டது. 1982இல் வெளிவந்த டிரான் என்ற படத்தின் கணினிக் காட்சிகளில் வேலை செய்தவர். எல்லாம் இயந்திரம் செய்த மாதிரியே வழுவழுப்பாக இருக்கிறதே என்ற மனக்குறையில் அடுத்த ஆண்டு இதை உண்டாக்கினார். மேகம், பளிங்குக்கல், மலை என்று இயற்கையில் இருக்கிற மேடுபள்ளம் எல்லாம் கணினிப் படங்களுக்குள் வந்தது இதனால். 1997இல் இதற்காக ஒஸ்கார் அமைப்பு அவருக்குத் தொழில்நுட்ப விருது கொடுத்தது. ரேண்டம் தருகிற எண்கள் ஒன்றையொன்று அறியாதவை. நொய்ஸ் தருகிற எண்கள் பக்கத்து எண்ணை அறிந்தவை. கிட்டக் கிட்டக் கேட்டால் கிட்டத்தட்ட ஒரே விடை வரும். தள்ளித் தள்ளிக் கேட்டால் தொடர்பு அறுந்துபோகும். எப்போதும் 0க்கும் 1க்கும் நடுவில்தான் நிற்கும், அதனால் வேலி விழுந்துவிடாது.

அப்பு மட்டையைத் தள்ளிக் காட்டியதும் இதுவும் ஒன்றேதான். கயிற்றின் இறுக்கம்தான் கேட்கிற இடைவெளி. மட்டைக்கு மட்டை 1 என்று தள்ளிக் கேட்டேன், கட்டு அவிழ்ந்து பழைய சீப்பு வந்தது. 0.01 என்று கேட்டேன், முழு வேலியும் ஒரே பலகை போல ஒரு பக்கம் சாய்ந்தது. 0.08இல் எங்கள் வேலி நின்றது. நடுவில் கொஞ்சம் உள்ளே அமுங்கி, கிணற்றடிப் பக்கம் வெளியே தள்ளி, கதியால் உக்கின இடத்தில் இருக்கிற அந்தத் தொய்வோடு. அதற்கு மேல் அம்மாவின் சோகிக் கணக்கை ஒரு பாகை அளவுக்குச் சேர்த்தேன். வேலி சேர்ந்து சாய்ந்தாலும் ஒவ்வொரு மட்டைக்கும் தன் பிசகு என்று ஒன்று இருக்கும்தானே.

நிறத்தைப் பற்றி நிறைய எழுதலாம், இப்போது ஒன்று மட்டும். திரையில் சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள். வர்ணப் பெட்டியோடு வளர்ந்த கைக்கு அது உடனே வராது. நிறம், செறிவு, வெளிச்சம் என்று மூன்றாகப் பிரித்துக் கேட்கிற முறைக்கு மாற்றிக்கொண்டால் கை பழகிவிடும். பச்சை மட்டையிலிருந்து வைக்கோல் நிறம், அதிலிருந்து மழையில் நனைந்து வெயிலில் காய்ந்த சாம்பல் நிறம், மூன்றையும் அப்படித்தான் பிடித்தேன்.

பள்ளிக்கூடத்தில் பாடம் முடிந்த பிறகு விரும்பின பிள்ளைகளுக்கு இதைக் காட்டுகிறேன். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள், நாலு கைத்தொலைபேசி இருக்கும். ஒரு பிள்ளை கிடுகு பின்னுவதை எழுதினாள். ஓலை ஒன்றுக்கு மேலால், அடுத்ததுக்குக் கீழால். இரண்டால் வகுத்து மீதி பார்த்தால் மேலா கீழா என்று தெரிந்துவிடும். அந்த மீதிக் கணக்கை நான் சொல்லிக் கொடுக்க முதலே, அவள் தன் அம்மம்மாவின் விரலைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். இப்போது நான் எந்தப் பிள்ளைக்கும் திரையை முதலில் காட்டுவதில்லை. வீட்டில் யாராவது கையால் செய்கிற ஒன்றைப் பார்த்து, என்ன செய்கிறார்கள், அடுத்து என்ன, எது திரும்பத் திரும்ப வருகிறது என்று கொப்பியில் எழுதிக்கொண்டு வரச் சொல்கிறேன்.

வேலியைப் பக்கத்து மாமிக்குப் போன மாதம்தான் காட்டினேன். மதில் கட்டிய பிறகு மாமி எங்கள் வீட்டுக்கு வருவதென்றால் ஒழுங்கையால் சுற்றித்தான் வர வேண்டும், முழங்கால் வருத்தத்தோடு. பார்த்ததும் அவர் கேட்டது, "பொட்டு எங்கை?"

எங்கள் ஊரில் பொட்டு என்றால் வேலியில் ஆள் நுழைந்து போகிற இடைவெளி. கறியும் சீனியும் ஊர்ப் புதினமும் வந்து போன வழி. அதை நான் மறந்தே போனேன்.

ஒரு கிழமையில் எழுதினேன். திரையில் விரல் வைத்த இடத்துக்குக் கிட்ட இருக்கிற மூன்று மட்டையை வரையாமல் விடு, மேல் வரிச்சை மட்டும் விடாமல் இழு, இரு பக்கத்து மட்டையையும் கொஞ்சம் வெளியே வளை. ஆள் உரசி உரசி அவை அப்படித்தான் வளைந்திருக்கும். கைத்தொலைபேசியை மாமியின் கையில் கொடுத்து, எங்கையாவது தொடுங்கோ என்றேன். மாமி நடுவில் தொட்டா, பொட்டு திறந்தது. மாமி தலையை ஆட்டினா.

"இல்லைப் பிள்ளை, இன்னும் இஞ்சாலை. கிணத்தடிப் பக்கம்" என்று விரலை எடுத்து, இரண்டு மட்டை தள்ளி வைத்தா.